வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: பொறியியல் மாணவர் அங்கே எதைப் படிக்க வேண்டும்?

ரைன் நதியின் இரு கரையிலும் லௌஃபன்பர்க் என்ற பெயரில் ஊர் உண்டு. ஒரு கரை ஜெர்மனி, மறுகரை சுவிட்சர்லாந்து. 2003இல் இரண்டுக்கும் நடுவே புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, இரு பக்கமும் ஒரே உயரத்தில் வந்து சேரப்போவதில்லை என்று தெரியவந்தது. வித்தியாசம் 54 செ.மீ. ஜெர்மனி தன் நிலத்தின் உயரத்தை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவே 27 செ.மீ. வேறுபாடு. இது இரு தரப்புக்கும் முன்பே தெரியும், கணக்கிலும் சேர்த்திருந்தார்கள். ஆனால் குறி மாறிப்போனது. கூட்டலும் கழித்தலும் இடம் மாறியதில் 27 இரட்டிப்பாகிவிட்டது. ஒரு பக்கத்தைத் திருத்தி, 2004 இறுதியில் பாலத்தைத் திறந்தார்கள்.

இது சின்னக் கதை. பெரிய கதை ஏர்பஸ் ஏ380. இரண்டடுக்கு கொண்ட அந்த விமானத்துக்குள் சுமார் 530 கி.மீ. நீள மின்கம்பிகள் ஓடுகின்றன. உடற்பகுதிகள் சில ஹாம்பர்கில் தயாராகி பிரான்சின் துலூஸுக்கு வந்து சேரும். வந்த இடத்தில் கம்பிகள் எட்டவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா வடிவமைப்பு மென்பொருளின் 4ஆம் பதிப்பில் வேலை நடந்தது. பிரான்சிலும் பிரிட்டனிலும் 5ஆம் பதிப்பு. கம்பி வளையும் இடங்களில் இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லவில்லை. 2006இல் அடுத்தடுத்துத் தாமத அறிவிப்புகள் வந்தன. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது 2007 அக்டோபர் ஆகிவிட்டது.

இரண்டிலும் கணக்குத் தெரியாதவர் எவரும் இல்லை. இரண்டு நாட்டு அணிகள் தங்களுக்கு இயல்பாகத் தெரிந்த ஒன்றை அடுத்தவருக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. ‘உங்கள் ஊரில் இதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்கும் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது. பொறியியல் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் திட்டங்களுக்கு உண்மையான நியாயம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகும், தன்னம்பிக்கை வளரும் என்பதெல்லாம் கூட வருபவை. ஊர் பார்த்துவிட்டு வருவதாலும் அப்படிக் கேட்கும் பழக்கம் வராது. பட்டப்படிப்பின் கட்டமைப்புக்குள்ளேயே அந்த அனுபவம் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே மாணவர் இன்னொருவருக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வெளிநாட்டுப் படிப்பு வெறும் பயணம்தான் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் கேரி டௌனி என்று ஒரு பேராசிரியர். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மானுடவியலுக்குப் போனவர். உலக அளவில் வேலை செய்யத் தகுதியான பொறியாளர் யார் என்பதற்கு அவரும் சக ஆய்வாளர்களும் 2006இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: பிரச்சினையையே தன்னிடமிருந்து வேறுவிதமாக வரையறுக்கிறவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர். விடை வேறு என்பது சிக்கலே இல்லை, அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கேள்வியே வேறு என்றால்தான் சிக்கல்.

நாட்டுக்கு நாடு கேள்வி ஏன் மாறுகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. பிரான்சில் பொறியாளர் என்பவர் அரசின் ஆள். பாலங்கள், சாலைகளுக்கான பள்ளி 1747இல் தொடங்கியது. எக்கோல் பொலிடெக்னிக் 1794இல் வந்தது, நெப்போலியன் அதை ராணுவப் பள்ளியாகவே மாற்றினார். இன்றும் அங்கே உயர்ந்த பொறியியல் பள்ளிகளில் சேர, முதலில் இரண்டு ஆண்டு கடுமையான கணிதத் தயாரிப்பு. அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து இறங்கி வராத தீர்வை மதிக்காத மனம் அதில் உருவாகிறது. பிரிட்டனில் கதை தலைகீழ். தாமஸ் டெல்ஃபோர்ட் கல்தச்சர். ரயில் புகழ் ஜார்ஜ் ஸ்டீஃபன்சனுக்கு 18 வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. பட்டறையில் பார்த்துப் பழகி வந்தவர்கள் கட்டிய மரபு அது. ‘ஓடுகிறதா, காட்டு’ என்று கேட்கும். ஜெர்மன் தொழில்நுட்பக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு மல்லுக்கட்டி 1899இல்தான் முனைவர் பட்டம் தரும் உரிமையை வாங்கின. தரம், துல்லியம் என்பதில் அவர்கள் காட்டும் பெருமைக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

பாரிஸில் பொலிடெக்னிக் தொடங்கிய அதே 1794இல் சென்னையில் ஒரு சர்வே பள்ளியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். அங்கே குடியரசுக்குப் பொறியாளர்கள், இங்கே நிலத்தை அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர்கள். நம் பொறியியல் கல்வி நெடுங்காலம் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயார்செய்த கல்வி. எஸ்டிமேட் போடு, மேலே அனுப்பு, அனுமதி வந்ததும் கட்டு. அந்த வரிசையில் பிரச்சினையை வரையறுப்பது எப்போதும் மேலே இருக்கும் ஒருவர். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கும் இரண்டு திட்டங்கள் இரண்டு வழியைக் காட்டுகின்றன.

முதலாவது ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம். மாநிலம் சின்னது, பல்கலைக்கழகமும் ஹார்வர்ட், எம்.ஐ.டி. வரிசையில் வருவதல்ல. 1987இல் அங்கே ஜெர்மன் மொழிப் பேராசிரியர் ஜான் கிராண்டினும் பொறியியல் டீன் ஹெர்மன் வீட்ஸும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பொறியியலில் ஒரு பட்டம், ஜெர்மன் மொழியில் ஒரு பட்டம், இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டு. இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஜெர்மன் படிக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது; பொறியியல் துறைக்கோ மாணவர்கள் உலகம் தெரியாமல் வெளியே போகிறார்கள் என்ற கவலை. மொழித்துறையின் பிழைப்பும் பொறியியல் துறையின் கவலையும் ஒன்று சேர்ந்தபோது பிறந்த திட்டம் என்றுகூடச் சொல்லலாம். நல்ல திட்டங்கள் பல இப்படித்தான், இரு தரப்புக்கும் தேவை இருந்ததால் நிலைத்தவை.

முதல் வருடத்திலிருந்தே மொழி வகுப்பு. அதில் கவிதையோடு கியரும் வால்வும் வரும். நான்காம் ஆண்டு முழுக்க ஜெர்மனியில்: ஒரு செமஸ்டர் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அப்புறம் ஆறு மாதம் ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் சம்பளத்துடன் இன்டர்ன்ஷிப். கணித மேதை காவுஸ் படித்த கல்லூரிதான் இன்று அந்தப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. வோக்ஸ்வாகன் கார் ஆலை இருக்கும் வுல்ஃப்ஸ்பர்க் பக்கத்திலேயே. பிறகு பிரெஞ்சு, ஸ்பானிஷ், சீனம், இத்தாலியன், ஜப்பானியம் என்று திட்டம் விரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆறு மாதம். வகுப்பறையில் வெளிநாட்டு மாணவர் விருந்தாளி. தப்பாகப் பேசினால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆலையில் அப்படி விடமாட்டார்கள். வரைபடத்தில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வரம்பு) ஏன் இப்படிப் போட்டாய் என்று ஃபோர்மேன் ஜெர்மனில் கேட்பார், ஜெர்மனிலேயே பதில் சொல்ல வேண்டும். இது ஜெர்மனியில் சாத்தியமாவதற்குக் காரணம் அந்த நாட்டின் வழக்கம். அங்கே பொறியியல் மாணவர்கள் மாதக்கணக்கில் ஆலையில் பயிற்சி எடுப்பது பழைய மரபு, நிறுவனங்கள் அதற்கான இடத்தையும் மேற்பார்வையாளரையும் எப்போதும் வைத்திருக்கின்றன. அமெரிக்க மாணவர்கள் அந்த ஏற்பாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இதே திட்டத்தை அந்த மரபு இல்லாத நாட்டோடு நடத்தினால் முதல் தடுமாற்றம் இன்டர்ன்ஷிப்பில்தான் வரும்.

இரண்டாவது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் பாலிடெக்னிக், சுருக்கமாக டபிள்யூ.பி.ஐ. இது 1865இல் தொடங்கிய கல்லூரி. 1970இல் அதன் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தையே பிரித்துப்போட்டு, திட்டப்பணிகளை நடுவில் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு மாணவரும் இரண்டு பெரிய ப்ராஜெக்ட் முடித்தாக வேண்டும். ஒன்று தன் துறையில். இன்னொன்று, பொதுவாக மூன்றாம் ஆண்டில், தொழில்நுட்பமும் சமூகமும் உரசிக்கொள்ளும் ஏதாவது ஒரு விஷயத்தில். இந்த இரண்டாவதை வளாகத்துக்கு வெளியே செய்யலாம் என்று 1974இல் வாஷிங்டன் நகரில் ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று அப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட மையங்கள்: பாங்காக், கேப் டவுன், வெனிஸ், லண்டன், மெல்போர்ன், விண்ட்ஹூக்.

மூன்று நான்கு மாணவர்கள் ஓர் அணி, உள்ளூர் மாநகராட்சியோ அருங்காட்சியகமோ தொண்டு நிறுவனமோ அவர்களுக்கு ஒரு பிரச்சினையைக் கொடுக்கும். போவதற்கு முந்தைய பருவத்தில் அந்த ஊரைப் பற்றியும் பேட்டி எடுப்பது, கணக்கெடுப்பது எப்படி என்பது பற்றியும் தயாரிப்பு வகுப்பு. பிறகு ஏழு வாரம் அங்கேயே தங்கி வேலை, கூடவே கல்லூரி ஆசிரியர்கள். கடைசியில் அறிக்கையை அந்த நிறுவனத்தின் முன் வைத்து விளக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கு நிகரான கிரெடிட்.

வெனிஸ் மையம் 1988இல் தொடங்கியது, அந்த ஊரிலேயே பிறந்து டபிள்யூ.பி.ஐ.யில் படித்த ஃபாபியோ கரேரா தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவர்கள் போய்க் கால்வாய்களை அளந்தார்கள், எந்தக் கால்வாயில் எத்தனை படகு போகிறது என்று எண்ணினார்கள், மோட்டார் படகு கிளப்பும் அலை கரைச்சுவர்களை எங்கெங்கே அரித்திருக்கிறது என்று குறித்தார்கள். ஏழு வாரத்தில் ஓர் அணி செய்வது கொஞ்சம். அடுத்த அணி அங்கிருந்து தொடரும். இப்படிச் சேர்ந்த தரவு அந்த நகருக்கே பயன்பட்டது. சரக்குப் படகுகளைப் பற்றிய ஆய்வு எனக்குப் பிடித்தது. பீருக்கு ஒரு படகு, குளிர்பானத்துக்கு ஒரு படகு, காகிதத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு சரக்கும் தனித்தனியாக ஊர் முழுக்கச் சுற்றுவதை அவர்கள் கவனித்தார்கள். பொருளை வைத்துப் பிரிக்காமல் இடத்தை வைத்துப் பிரித்தால், ஒரு பகுதிக்கு எல்லாச் சரக்கையும் ஒரே படகில் கொண்டுபோகலாமே என்பது யோசனை. சுவர் இடிகிறது என்றால் சுவரை எப்படிப் பலப்படுத்துவது என்றுதான் சிவில் மாணவர் முதலில் யோசிப்பார். படகு ஏன் இத்தனை முறை வருகிறது என்று கேட்டபோது பிரச்சினையே வேறாகிவிட்டது.

இந்தத் திட்டத்தின் சாமர்த்தியம் அதன் அட்டவணையில் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் வெளிநாட்டுப் படிப்பில் எப்போதும் பின்தங்குவதற்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல. கணிதம் முடித்தால்தான் இயந்திரவியல், அது முடித்தால்தான் அடுத்தது. ஒரு செமஸ்டர் விட்டால் சங்கிலியே அறுந்து ஒரு வருடம் போய்விடும். டபிள்யூ.பி.ஐ.யில் வெளிநாட்டில் செய்யும் ப்ராஜெக்ட் எந்தப் பாடத்தின் சங்கிலியிலும் இல்லை. மெக்கானிக்கல் மாணவரும் கணினி மாணவரும் ஒரே அணியில் போகலாம். கல்லூரி ஆண்டே ஏழு ஏழு வாரப் பருவங்களாக வெட்டப்பட்டிருப்பதால் ஒரு பருவம் வெளியே இருப்பதில் எதுவும் குலையாது. ரோட் ஐலண்ட் அதே சிக்கலை ஓர் ஆண்டைக் கூட்டித் தீர்த்தது. ஐரோப்பா 1987இல், மாணவர்கள் இன்னொரு நாட்டில் போய்ச் சில காலம் படித்துவர உதவும் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கி, பிறகு ஆண்டுக்கு 60 கிரெடிட் என்ற பொது அளவைக் கொண்டுவந்து தீர்த்தது. மூன்று வழியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து டைம் டேபிளோடு மல்லாடியிருக்கிறார். உலகக் குடிமகன், கலாசாரப் புரிதல் என்ற பேச்சையெல்லாம்விட அந்த வேலைதான் முக்கியமானது.

பணமும் அப்படித்தான். வசதியுள்ள மாணவர் மட்டுமே போகமுடிகிற ஏற்பாடு பாடத்திட்டம் ஆகாது. 2018இல் சேர்ந்தவர்களிலிருந்து, வெளியூர் ப்ராஜெக்ட்டுக்கு ஒருவருக்கு 5,000 டாலர் வரை உதவித்தொகை என்று டபிள்யூ.பி.ஐ. அறிவித்தது. அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி 2016இல் 5 லட்சம் டாலர் கார்டன் பரிசை இந்தத் திட்டப்பணிக் கல்விக்காக அங்குள்ள பேராசிரியர்களுக்குக் கொடுத்திருந்தது.

குறை இல்லையா? இருக்கிறது. ஏழு வாரத்தில் மொழி வராது. பாங்காக்கில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்வதால் சமாளிக்கிறார்கள், ஆனால் மொழிபெயர்த்துத் தருகிறவரின் தோளில் ஏறிக்கொண்டு போவதற்கும் தானே பேசுவதற்கும் தூரம் அதிகம். இன்னொரு கேள்வி கூர்மையானது: போகிற மாணவருக்கு அனுபவம், இருக்கிறவர்களுக்கு என்ன? கேப் டவுனின் கயெலிட்ஷா போன்ற குடிசைப் பகுதிகளுக்கு வசதியான நாட்டு மாணவர்கள் வந்து, கணக்கெடுத்து, திட்டம் சொல்லிவிட்டு விமானம் ஏறினால் அது யாருக்கான கல்வி? அங்கே உள்ளூர்வாசிகளையும் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு வேலை செய்ததும், ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பப் போனதும் இதற்குப் பாதி பதில். முழுப் பதில் இல்லை. ரோட் ஐலண்ட் வழியில் இந்தச் சங்கடம் வராது, ஏனென்றால் பி.எம்.டபிள்யூவுக்கு யாரும் உதவிசெய்யப் போவதில்லை. அங்கே மாணவர்தான் கடைசி ஆள். பணிவு கற்பதற்கு அது நல்ல இடம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்த நீண்ட, கடினமான வழியைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு கல்லூரியின் பெரும்பாலான மாணவர்களுக்கு அதைத் தரமுடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்தார்கள், நம் ஆசிரியர்கள் அங்கே போனார்கள், ஆய்வகக் கருவிகள் கப்பலில் வந்தன. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பில் ஆலைப் பயிற்சியும் வகுப்பும் மாறி மாறி வரும். 2023இல் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகம் திறந்தது. இன்னொரு நாடு நமக்குச் செய்ததை நாம் இன்னொரு நாட்டுக்குச் செய்யும் இடத்துக்கு வந்திருக்கிறோம்.

ஆனால் இங்கே ‘வெளிநாட்டுப் படிப்பு’ என்றால் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். போவது. அது குடிபெயர்வதற்கான வாசல்; தவறில்லை, ஆனால் அது வேறு விஷயம். போகாமல் இங்கேயே இருக்கிற பெரும்பான்மைக்குத்தான் இந்தத் தயாரிப்பு அதிகம் தேவை. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் ரெனால்ட், நிஸான் நிறுவனங்களின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே விருதுநகரிலிருந்து வந்த ஒரு பொறியாளர் காலையில் ஜப்பானோடும், மாலையில் பிரான்சோடும் பேச வேண்டியிருக்கலாம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே, பிரான்ஸ் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னே. ஜப்பானியர் கூட்டத்தில் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொல்லாமல் இருக்கலாம். பிரெஞ்சுக்காரர் கூட்டம் முழுக்க வாதாடிவிட்டு வெளியே வந்து சிநேகமாகக் காபி குடிக்கலாம். நம் ஆள் இரண்டிலும் தலையாட்டிவிட்டு, முடியாத தேதிக்கு ‘ஆகட்டும் சார்’ என்று சொல்லிவிட்டு வரலாம். பாஸ்போர்ட் எடுக்காமலே உலக அளவிலான வேலை அவர் மேஜைக்கு வந்துவிட்டது.

காகித அளவில் கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்பினர்கள் ஆயின. குழுவாக வேலை செய்வது, பேசிப் புரியவைப்பது, சமூகத்தில் பொறியாளரின் பொறுப்பு ஆகியவற்றையும் பட்டதாரியின் தகுதிகளாக அந்த ஒப்பந்தம் கேட்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் தர 2022இல் யு.ஜி.சி. விதிமுறை கொண்டுவந்தது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வான சில மாணவர்கள் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய பயிற்சிக்குப் போய்வந்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தப் பயணம் சாதாரண விஷயமில்லை. ஆனால் சில நாள் பயிற்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

இடம் எங்கே இருக்கிறது என்றால், நம் எட்டாவது செமஸ்டரில். பொறியியல் படிப்பில் கடைசி செமஸ்டர் பெரும்பாலும் ப்ராஜெக்ட்தான். பாடச் சங்கிலி அங்கே முடிந்துவிடுகிறது, கிரெடிட்டும் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. டபிள்யூ.பி.ஐ. மெனக்கெட்டு உருவாக்கிய இடைவெளி நம்மிடம் தானாகவே இருக்கிறது. அதை எப்படி நிரப்புகிறோம் என்பது ஊரறிந்தது: ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் கட்டாகக் கிடைக்கும். அந்தச் செமஸ்டரில் ஒரு கல்லூரி பத்து மாணவர்களைப் பாங்காக்கிலோ கொழும்பிலோ உள்ள ஒரு மாநகராட்சிக்கு, ஓர் ஆசிரியரோடு அனுப்பலாம். விமானக் கட்டணம் ஐரோப்பாவுக்கு ஆவதில் ஒரு பகுதிதான். அதுவும் முடியாவிட்டால், அந்த ஊர் மாணவர்கள் நால்வரும் நம் மாணவர்கள் நால்வரும் இணையவழியே ஒரே வேலையைச் செய்யலாம். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இலிருந்து இந்த முறைக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது. தலைப்பை அந்த ஊர்க்காரர்கள் கொடுக்க வேண்டும், அறிக்கையை அவர்கள் வாங்கிப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும், மதிப்பெண்ணில் பாதியாவது அவர்கள் கையில் இருக்க வேண்டும். அப்போது ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய அறிக்கையை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.